இறவாரம் இல்லாத வீட்டில் அட்டிக் எப்படி மூச்சு விடும்?

போன ஜனவரியில் பாஸ்டன் பக்கத்தில் இருக்கும் நண்பர் தன் வீட்டு அட்டிக்கில் எடுத்த ஒரு படம் அனுப்பினார். கூரைப் பலகையைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஆணி முனை ஒவ்வொன்றிலும் வெள்ளையாக உறைபனி. "முந்தின வருஷம்தான் காத்து போகணும்னு முகட்டுல வென்ட் போட்டோம். அதுக்கு முன்னாடி இவ்வளவு இல்லையே, ஏன்?" என்று கேட்டார். அவருக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே வைக்கிறேன்.

அவருடையது பழைய கேப் காட் வகை வீடு. நியூ இங்கிலாந்தில் இதை நிறையப் பார்க்கலாம். சரிவான கூரை, ஆனால் அது சுவரோடு சுவராக முடிந்துவிடும். நம்மூர் ஓட்டு வீட்டில் மழைத்தண்ணி சொட்டுமே, அந்த இறவாரம் கிடையாது. இறவாரம் உள்ள வீடுகளில் அதன் அடியில் துளை விட்டிருப்பார்கள். வெளிக்காற்று அந்த வழியாக உள்ளே வந்து, கூரையின் அடியை ஒட்டி மேலேறி, முகட்டு வழியாக வெளியே போகும். கூரைப் பலகை காய்ந்து இருக்கும். குளிர்காலத்தில் சில்லென்றும் இருக்கும்.

நண்பர் செய்தது இதில் பாதி. மேலே திறந்தார், கீழே திறக்கவில்லை. முகட்டில் போகும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று வந்தாகணும். வெளியிலிருந்து வழி இல்லை. அதனால் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. விளக்குத் துளை, குழாய் போகும் சந்து, அட்டிக் ஏறும் மூடி என்று சீலிங்கில் எத்தனையோ ஓட்டைகள். சமையல், குளியல், நம் மூச்சு எல்லாவற்றின் ஈரமும் அந்த வெதுவெதுப்பான காற்றோடு மேலே போய், குளிர்ந்த ஆணியில் பட்டு உறைகிறது. வெயில் வந்ததும் உருகிச் சொட்டும். நாளடைவில் பலகையில் பூஞ்சை பிடிக்கும். கூடவே ஹீட்டருக்குக் கொடுக்கும் காசும் முகட்டு வழியே போகிறது.

எவ்வளவு திறப்பு வேண்டும்? அமெரிக்கக் கட்டட விதி அட்டிக் தரைப்பரப்பில் 150-ல் ஒரு பங்கு கேட்கிறது. மேலும் கீழும் ஏறக்குறைய சமமாகப் பிரித்து, வேறு சில நிபந்தனைகளும் பொருந்தினால் 300-ல் ஒரு பங்கு போதும். 1000 சதுர அடி அட்டிக்குக் கணக்குப் போட்டால் 480 சதுர அங்குலம்: கீழே 240, மேலே 240. இந்த 300 என்ற எண் 1942-ல் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் காப்பீட்டுத் துறை வெளியிட்ட தர விதிகளில் இருக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரோஸ் அதன் வரலாற்றைத் தோண்டிப் பார்த்தார்; பின்னால் பெரிய ஆய்வு ஆதாரம் எதுவும் இல்லை. ஆகவே எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம். சீலிங் ஓட்டையும் மேல்-கீழ் சமநிலையும்தான் முக்கியம்.

அதனால் வேலையை இந்த வரிசையில் செய்யணும்.

முதலில் சீலிங் ஓட்டைகளை அடைக்கணும். குளியலறை விசிறியின் குழாய் அட்டிக்குள் முடிகிறதா என்றும் பாருங்கள். முடிந்தால் அதைக் கூரைக்கு வெளியே கொண்டுபோகணும்.

இரண்டாவது, கீழே காற்று நுழைய வழி. இறவாரம் இல்லாத வீட்டுக்கென்றே கூரை விளிம்பு வென்ட் கிடைக்கிறது. கூரையின் கீழ் ஓரத்தில் பலகையில் நீளமாக ஒரு பிளவு வெட்டி, அதன்மேல் இந்தப் பட்டையை வைத்து, ஷிங்கிளால் மூடுவார்கள். ஒரு அடி நீளத்துக்குச் சுமார் 9 சதுர அங்குலம் திறப்பு தரும். 40 அடி நீள வீட்டில் இரண்டு பக்கமும் போட்டால் 720. தேவைக்கு மேலேயே வருகிறது. பிளவுக்கு நேர் உள்ளே இன்சுலேஷன் அடைத்துக்கொண்டால் எல்லாம் வீண். தடுப்புத் தகடு வைத்து, பலகைக்கும் இன்சுலேஷனுக்கும் நடுவே குறைந்தது ஒரு அங்குல இடைவெளி விடணும்.

"இதுக்குப் பதிலா அட்டிக்ல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிடலாமே?" என்றார். வேண்டாம் என்றேன். கீழே வழி இல்லாத வீட்டில் அதுவும் வீட்டுக் காற்றைத்தான் இழுக்கும், இன்னும் வேகமாக. கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதன் புகையையும் வீட்டுக்குள் திருப்பி இழுக்கலாம். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கக்கூடும், உயிருக்கே ஆபத்து.

விளிம்பில் வெட்டவே முடியாத கூரை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. வென்ட் எல்லாவற்றையும் மூடிவிட்டு, கூரைச் சரிவிலேயே ஃபோம் இன்சுலேஷன் அடித்து, அட்டிக்கை வீட்டின் ஒரு அறை மாதிரி ஆக்கிவிடலாம். விதி இதை அனுமதிக்கிறது. செலவு அதிகம். பாதி மூடி, பாதி திறந்து மட்டும் வைக்கக் கூடாது.

விளிம்பு வென்ட் போட வசதியான நேரம் ஷிங்கிள் மாற்றும்போதுதான். நண்பர் இந்தக் கோடையில் மாற்றப் போகிறார். அதுவரை காத்திருக்காமல், ஒரு சனிக்கிழமை டார்ச்சும் சீலன்ட் டியூபும் எடுத்துக்கொண்டு மேலே ஏறி ஓட்டைகளை அடைக்கச் சொல்லியிருக்கிறேன்.