நின்றபடியே பிசின் ஊறும் மரம்

‘பெயின்ட்கூடப் பூசாத பைன் பலகையில் சர்ச் கட்டினால் மழைக்கு மக்கிவிடாதா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் குறிப்பிடுவது நார்வேயின் பெர்கன் நகருக்கு வடக்கே, க்னார்விக்கில் 2014-ல் திறக்கப்பட்ட லுத்தரன் தேவாலயத்தை. ரெய்யுல்ஃப் ராம்ஸ்டாட் நிறுவனம் வடிவமைத்தது. பெர்கனில் ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது, கவலை நியாயமானதே.

ஆனால் அந்தச் சுவரில் போர்த்தியிருப்பது பைனின் வைரப்பகுதி. மரத்தின் வெளிவட்டம் நீரைக் கடத்தும். பூஞ்சைக்கு அதுதான் விருந்து. நடுவில் உள்ள வைரத்தில் நீரோட்டம் நின்று, பிசினும் பூஞ்சைக்கு ஆகாத பினோசில்வினும் ஊறியிருக்கும்.

இந்த வைரத்தை வளர்த்தெடுக்க நார்வேயின் பழைய தச்சர்கள் கையாண்டதாகச் சொல்லப்படும் முறைதான் என்னை மயக்குகிறது. தேர்ந்தெடுத்த பைனின் உச்சியை வெட்டி, பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, அப்படியே நிற்க விட்டுவிடுவார்கள். எங்கள் கொல்லை முருங்கையில் அரிவாள் பட்ட இடமெல்லாம் பிசின் கட்டி நிற்கும். பைனும் அப்படித்தான் காயத்துக்குப் பிசின் சுரக்கும். அது அடிமரம் நெடுக ஊறும். சில ஆண்டுகள் கழித்தே கோடரி வைப்பார்கள். 1180 வாக்கில் மரத்தால் எழுந்த போர்குண்ட் தேவாலயம் இன்றும் நிற்கிறது. தூண் நிறுத்திக் கட்டிய அந்த வகை இடைக்கால மரத் தேவாலயங்களில் நார்வேயில் எஞ்சியவை 28. க்னார்விக்கின் செங்குத்துக் கூரையும் கூர்கோபுரமும் அவற்றின் வழிவந்தவை.

மரம் மட்டும் போதவில்லை. முந்தைய தேவாலயங்களில் தூண்களை மண்ணில் ஊன்றினார்கள், அடி மக்கிப்போயிற்று. பிறகுதான் கல்வரிசைமேல் உத்தரம் கிடத்தி, அதில் தூண் நிறுத்தினார்கள். ஈரம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மரத்தை மக்கவைக்கும் பூஞ்சை வளராது. இன்றைய நார்வே வீடுகளில் பலகைக்குப் பின்னால் காற்றோட இடைவெளி விடுவதும் அதற்காகத்தான்.

இளமரத்தை அவசரமாக வெட்டி, வெளிவட்ட வெள்ளைப் பகுதியையும் சேர்த்து அறுத்து, காயுமுன் பெயின்டால் மூடிவிட்டு, ‘மரம் உழைக்காது’ என்று பழி சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் செய்தது நாம்தான்.

பைன் பலகை சாம்பல் நிறமாவதைக் கண்டும் வாசகர் அஞ்ச வேண்டாம். வெயிலில் மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் சிதைந்து மழையில் கழுவிப்போகும் மேற்பரப்பு மாற்றம் அது. நூறாண்டில் தேய்வது சில மில்லிமீட்டர்தான். கண் வைக்க வேண்டியது பலகையின் வெட்டுமுனையில். தண்ணீர் நார்வழியே விறுவிறுவென்று ஏறுவது அங்கேதான்.