குர்பானி ஈரலும் நாயின் குடற்புழுவும்

ஹஜ்ஜுப் பெருநாள் காலை. தொழுகை முடிந்து, குர்பானி ஆடு அறுக்கப்பட்டு, தோலும் உரித்தாகிவிட்டது. அறுப்பவர் வயிற்றைத் திறந்து ஈரலை வெளியே எடுக்கிறார். அதன் மேற்புறத்தில் எலுமிச்சம்பழ அளவில் வெண்மையான ஒரு கொப்புளம். கத்தி முனை பட்டதும் தெளிந்த நீர் பீறிடுகிறது. "இது நீர்க்கட்டி பாய், ஆகாது" என்று சொல்லி, அந்தப் பகுதியை அரிந்து சுவரோரமாக எறிகிறார். அதற்காகவே காத்திருந்த தெரு நாய் ஒன்று கவ்விக்கொண்டு ஓடுகிறது.

அன்புள்ள வாசக சகோதர, சகோதரிகளே! இக்காட்சியை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். கெட்ட கறி வீட்டை விட்டுப் போயிற்று என்று நிம்மதியும் அடைந்திருப்பீர்கள். உண்மையில் அது வீட்டை விட்டுப் போகவில்லை. திரும்பி வருவதற்காக நாயின் வயிற்றில் ஏறிக்கொண்டது.

அந்தக் கொப்புளத்து நீரின் அடியில் வெண்மணல் போன்ற துகள்கள் கிடக்கும். ஒவ்வொரு துகளும் ஒரு நாடாப்புழுவின் தலை. நாய் தின்றதும் இவை அதன் சிறுகுடல் சுவரில் கொக்கி மாட்டி வளர்கின்றன. எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்பது இப்புழுவின் பெயர். நாடாப்புழு என்றவுடன் முழக்கணக்கில் நீண்ட ஒன்றை எண்ணிவிடாதீர்கள். இது முழு வளர்ச்சி அடைந்தாலும் ஓர் அரிசியின் நீளத்தைத் தாண்டாது. உடலில் மூன்று, நான்கு கணுக்கள்தாம். ஒரே நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் இருக்கும்; நாயோ நோயின் சாயலே இன்றித் துள்ளித் திரியும். புழுவின் கடைசிக் கணு முதிர்ந்து கழன்று விழும்போது அதனுள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். அவை நாயின் மலத்தோடு வெளியேறிப் புல்லிலும், தண்ணீரிலும், கீரைப் பாத்தியிலும் கலக்கின்றன. அந்தப் புல்லை மேயும் ஆட்டின் ஈரலில் மீண்டும் நீர்க்கட்டி உண்டாகிறது. ஆட்டின் இடத்தில் மனிதன் அந்த முட்டையை விழுங்கிவிட்டால் அவன் ஈரலிலோ நுரையீரலிலோ அதே கட்டி வளர்கிறது.

"நாங்கள் நாய் வளர்ப்பதில்லையே!" என்பீர்கள். நம் சமுதாயத்தில் பெரும்பாலான வீடுகளில் நாய் இல்லைதான். ஆனால் முட்டை நம்மிடம் வருவதற்கு நாய் நம் வீட்டில் இருக்க வேண்டியதில்லை. கழுவாத கீரையும், மண்ணில் விளையாடிய பிள்ளையின் விரலும் போதும். மற்றொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடுவோம். கட்டியுள்ள ஈரலைத் தின்பதால் மனிதனுக்கு இந்நோய் வருவதில்லை. நாய்க்குள் சென்று, புழுவாகி, முட்டையிட்ட பின்னரே அது நமக்குத் தீங்கு செய்யும். ஆகவே நாம் உண்ணாமல் ஒதுக்கியது நல்லதுதான். எறிந்த இடத்தில்தான் பிழை.

இனி இந்தப் புழுவைப் பற்றிய வியப்பான செய்திக்கு வருவோம். பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் இது, உண்மையில் ஒன்றன்று.

1863-ஆம் ஆண்டில் நானின் என்ற ஜெர்மானிய மருத்துவர், மனித உடலிலிருந்து எடுத்த கட்டியை நாய்க்கு ஊட்டி, நாயின் குடலில் புழு வளர்வதைக் காட்டினார். மனிதனின் கட்டியும் ஆட்டின் கட்டியும் ஒரே புழுவின் வேலை என்று உறுதியாயிற்று. அதன்பின் நூறு ஆண்டுகள் 'ஒரே புழு' என்ற எண்ணமே நிலைத்திருந்தது. 1963-இல் வில்லியம்ஸ், ஸ்வெட்மன் என்னும் இருவர், குதிரையில் கட்டியை உண்டாக்கும் புழு ஆட்டுப் புழுவிலிருந்து வேறுபட்டது என்று எழுதினர். பிற அறிஞர்கள் ஏற்கவில்லை. ஒரே ஊரில், ஒரே நாயின் குடலில் வாழக்கூடிய இரண்டு எவ்வாறு வெவ்வேறாகப் பிரிந்து நிற்க முடியும் என்று கேட்டனர். நியாயமான கேள்விதான்.

விடை ஒரு கண்ணாடிக் குப்பியிலிருந்து வந்தது. ஸ்மைத் என்ற அறிஞர், ஆட்டுக் கட்டியின் துகள்களைத் தக்க ஊட்ட நீரில் இட்டு, நாயின் உடலே இல்லாமல் கணுக்களுடன் கூடிய புழுவாக வளர்த்துக் காட்டியவர். அதே நீரில் குதிரைக் கட்டியின் துகள்களை இட்டபோது அவை உயிரோடு இருந்தனவே தவிர, கணுவிட்டு வளரவில்லை. 1974-இல் இது வெளியாயிற்று. உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள் போன்ற இரண்டும் உள்ளுக்குள் வேறு வேறு என்பது அன்று தெரிந்தது.

1992-இல் ஆஸ்திரேலியாவில் பௌல்ஸ், பிளேர், மக்மானஸ் ஆகியோர் இப்புழுக்களின் மரபணுவிலேயே ஒரு சிறு துண்டை எழுத்து எழுத்தாகப் படித்தார்கள். நானூறுக்கும் குறைவான எழுத்துகள் கொண்ட துண்டுதான். அதைக் கொண்டே ஏழு வகைகளைப் பிரித்து ஜி-1 முதல் ஜி-7 வரை எண்ணிட்டனர். ஜி-1 செம்மறி ஆட்டுக்குரியது; ஜி-3 எருமைக்கு; ஜி-4 குதிரைக்கு; ஜி-5 மாட்டுக்கு; ஜி-6 ஒட்டகத்துக்கு; ஜி-7 பன்றிக்கு. பின்னர் ஜி-10 வரை எண்கள் நீண்டன. ஜி-2 தனி வகையன்று, ஜி-3-இன் பகுதியே என்று பிறகு தெரியவந்தது. இன்று குதிரை வகையையும் மாட்டு வகையையும் தனித்தனி இனங்களாகவே கொள்கின்றனர்.

நமக்கு இதனால் என்ன என்கிறீர்களா? நம்மைத் தாக்கும் திறனில் இவை சமமானவை அல்ல. மனிதரிடமிருந்து எடுத்து மரபணு சோதிக்கப்பட்ட கட்டிகளில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது, ஜி-1, ஜி-3 ஆகியவை அடங்கிய கூட்டத்தைச் சேர்ந்தவை. மீதியில் பெரும்பங்கு ஒட்டகம், பன்றி வகைகள். குதிரை வகை மனிதரிடம் காணப்படுவது மிக மிக அரிது. இந்தியாவில் மிகுந்திருப்பது எது? 2009-இல் வெளியான மேற்கிந்திய ஆய்வொன்றில் முதலிடம் பெற்றது எருமை வகையான ஜி-3; அடுத்து மாட்டு வகை, அதன்பின் ஆட்டு வகை. அதாவது, மனிதனை மிகுதியாகத் தாக்கும் கூட்டமே நம் நாட்டில் மலிந்து கிடக்கிறது.

வகை மாறினால் மாட்டின் பங்கும் மாறுகிறது. ஜி-1 மாட்டுக்குள் சென்றால் உண்டாகும் கட்டி பெரும்பாலும் மலடு. உள்ளே மணல் துகள் இராது. நாய் தின்றாலும் புழு வளராது. ஜி-5 சென்றாலோ கட்டி நிறையத் துகள்கள். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய அறுப்பவரால் முடியாது.

மருந்திலும் இந்த வேறுபாடு குறுக்கிடுகிறது. நாய்களுக்குப் பிராசிகுவான்டல் என்ற மாத்திரை கொடுத்தால் குடலிலுள்ள புழுக்கள் மடியும். ஆனால் அம்மருந்து அடுத்த தொற்றைத் தடுக்காது. ஆட்டு வகை முட்டையிடும் பருவம் எய்த ஏறக்குறைய ஆறு வாரங்கள் ஆகும் என்பதால், ஆறு வாரங்களுக்கு ஒருமுறை மருந்து என்று பல நாடுகளில் வகுத்தார்கள். மாட்டு வகைக்கோ ஐந்து வாரங்களே போதும். மருந்து வருவதற்குள் அது முட்டையிட்டு முடித்திருக்கும்! 1990-களில் ஆஸ்திரேலியாவின் லைட்டவ்லர்ஸ் குழுவினர் ஆடுகளுக்கென உருவாக்கிய ஈஜி-95 தடுப்பூசி மிகச் சிறந்த பலனைத் தந்தது. ஆனால் அது ஆட்டு வகையிலிருந்து எடுத்த புரதம். ஒட்டக வகையில் அதே புரதம் சற்று வேறாக அமைந்திருப்பதால், அங்கும் அப்படியே காக்கும் என்று எடுத்துக்கொள்ள இயலாது.

இப்புழுவின் மரபணு ஒரு பயணக் கதையையும் சொல்கிறது. 2018-இல் உலகெங்குமிருந்து திரட்டிய ஜி-1 புழுக்களை ஒப்பிட்டபோது, துருக்கி, ஈரான் பகுதிகளில்தான் வேறுபாடுகள் மிகுந்திருந்தன. செம்மறி ஆட்டை மனிதன் முதன்முதலில் பழக்கிய நிலப்பரப்பு அது. அங்கிருந்து மந்தைகளோடும், மந்தை காத்த நாய்களோடும் புழுவும் கண்டம் விட்டுக் கண்டம் சென்றிருக்கிறது.

மனித உடலில் இக்கட்டி பல ஆண்டுகள் வலியின்றி வளரும். விலாவின் கீழ் பாரம், மந்தமான வலி, நுரையீரலில் இருந்தால் இருமல் என்று பின்னர் வெளிப்படும். ஸ்கேனில் தெரிந்துவிடும். உடனே அஞ்ச வேண்டாம். ஆனால் வயிற்றைப் பிசைந்து தேய்க்கும் நாட்டு வைத்தியத்துக்கு மட்டும் போகாதீர்கள். கட்டி உடைந்து நீர் உள்ளே சிந்தினால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை ஏற்படலாம். சிந்திய துகள் ஒவ்வொன்றும் புதுக் கட்டியாகலாம். ஆல்பெண்டசோல் மாத்திரை, ஊசி வழியே நீரை எடுத்தல், அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுள் எது ஏற்றது என்பதைக் கட்டியின் நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

ஒரு நாடே இதிலிருந்து மீண்டிருக்கிறது. ஆடுகள் நிறைந்த ஐஸ்லாந்துத் தீவில் ஒரு காலத்தில் இந்நோய் பெரும் கொடுமையாக இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த கிராப்பே என்பவர் 1863-இல் அங்கு சென்று நாய்களை ஆராய்ந்தார். 1864-இல் அவர் எழுதிய சிறு நூல் அந்நாட்டின் வீடுகளுக்கெல்லாம் இலவசமாக வழங்கப்பட்டது. கட்டியுள்ள உறுப்பை நாய்க்குப் போடாதீர்கள் என்பதே அதன் சாரம். அப்போது மரபணு என்ற சொல்லே கிடையாது. இன்றுள்ள மருந்தும் ஊசியும் கிடையாது. வீட்டுப் பெண்களும் மேய்ப்பர்களும் படித்தார்கள். பின்னர் சட்டமும் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் அந்நோய் அத்தீவை விட்டே அகன்றது.

ஆகவே வரும் பெருநாளில், அறுப்பவர் வருவதற்கு முன்பே ஒரு குழி வெட்டி வையுங்கள். நாய் தோண்ட முடியாத ஆழம் வேண்டும். கட்டியுள்ள ஈரல், நுரையீரல் எதுவானாலும் கீறிப் பார்க்காமல் முழுதாக அதில் இட்டு, மண் தள்ளி, மேலே கனத்த கல் ஒன்றை வைத்துவிடுங்கள். மாடி வீட்டில் குடியிருப்போர், குழிக்கு இடமில்லாதோர், அதை அரை மணி நேரம் நன்கு கொதிக்க வைத்த பிறகு குப்பையில் சேர்க்கலாம். அறுப்பவர் பழக்கத்தில் கையை ஓங்குவார். "எறியாதீர்கள் பாய், இந்தச் சட்டியில் போடுங்கள்" என்று நீங்கள்தான் முந்திக்கொள்ள வேண்டும்.