காரின் பின்கண்ணாடி: எப்போது மாற்றுவது? எப்போது பொறுப்பது?



ஒரு காலத்தில் நம் கரிவலம்வந்தநல்லூர் கடைத்தெருவில் அம்பாசிடர் நின்றாலே யார் வீட்டு விசேஷம் என்று கேட்போம். இன்று நிலைமை அப்படி இல்லை. பென்ஸ் கார் 1995-ஆம் ஆண்டு முதல் புனேயிலும், பி.எம்.டபிள்யூ கார் 2007-ஆம் ஆண்டு முதல் சென்னைக்கு அருகிலும் உருவாகி வருகின்றன. அவை நாலைந்து ஆண்டுகள் ஓடியபின் பாதி விலைக்கும் குறைவாகக் கைமாறுகின்றன. எனவே சங்கரன்கோவில், ராஜபாளையம் வட்டாரத்தில் மொத்த வியாபாரம் செய்கின்ற சிலரும் இவ்வகைக் கார்களை வாங்கி வைத்துள்ளனர். வாங்குகின்ற விலை குறைவுதான். ஆனால் உதிரிப்பாகத்தின் விலை புதுக்காரின் விலைக்கு ஏற்றபடியே இருக்கும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதிலும் பின்கண்ணாடி அடிபட்டால், உடனே மாற்றுவதா, கொஞ்ச நாள் பொறுப்பதா, இன்சூரன்ஸில் கேட்பதா என்று தெரியாமல் பலரும் தவிக்கிறார்கள். அது பற்றியதே இக்கட்டுரை.

என் அக்காள் கணவர் பருப்பு மொத்த வியாபாரி. பழைய பென்ஸ் ஒன்று வைத்திருக்கிறார். கடை வாசலில் ஷட்டர் தூக்குகிற கம்பி சாய்ந்து, பின்கண்ணாடியின் கீழ் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு துணுக்குப் பெயர்ந்துவிட்டது. "அத்தான், யாரிடமாவது காட்டிவிடலாமே" என்றேன். "பின்னாடிக் கண்ணாடிதானே மாப்பிள்ளை, பின்னாடி பார்த்தா வண்டி ஓட்டப்போறோம்?" என்று சிரித்தார். சுமார் ஒரு மாதம் சென்றிருக்கும். விருதுநகரில் கொள்முதல் முடித்துத் திரும்பி வந்து, கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்த நிலையில் பேரன் கதவை ஓங்கிச் சாத்தினான். பட்டாசு வெடித்தது போல் ஒரு சத்தம். பின்கண்ணாடி முழுவதும் கற்கண்டு போல் உதிர்ந்து பின்சீட்டில் கொட்டியது. நல்ல வேளை, அந்தச் சீட்டில் அப்போது யாரும் இல்லை.

கதவைச் சாத்தியதற்கா கண்ணாடி உடைந்தது என்று வீட்டில் பேரனைத் திட்டினார்கள். அவன்மேல் குற்றம் இல்லை. கண்ணாடி ஒரு மாதத்துக்கு முன்பே பாதி உடைந்துதான் இருந்தது.

முன்கண்ணாடி வேறு, பின்கண்ணாடி வேறு

காரின் முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டியது. இதற்கு லாமினேட்டட் கண்ணாடி என்று பெயர். கல் பட்டால் சிலந்தி வலை போல் கீறல் விடும்; ஆனால் உதிராது. சிறு கீறலானால் பிசின் ஊற்றிச் சரிசெய்யவும் முடியும்.

பின்கண்ணாடி பெரும்பாலான கார்களில் டெம்பர்டு கண்ணாடியாகும். ஒரே தகடு. அதை 600 டிகிரிக்கும் மேல் சூடாக்கி, இரு பக்கமும் வேகமாகக் காற்றடித்துக் குளிர்விக்கிறார்கள். மேல்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. உட்பகுதி பிறகுதான் இறுகுகிறது. அதனால் மேல்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் எப்போதும் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. மூட்டையை இறுகக் கட்டிய சணல் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு இறுக்கமாக இருக்கும் வரை மூட்டை உறுதி. ஓர் இடத்தில் அறுந்தால் எல்லாம் அவிழ்ந்துவிடும். டெம்பர்டு கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலமானது. ஆனால் அடி உட்பகுதியைத் தொட்டுவிட்டால் முழுத்தகடும் ஒரே நொடியில் தூளாகும். துண்டுகள் மழுங்கலாக இருப்பதால் பெரிய வெட்டுக்காயம் ஏற்படாது என்பதே இதன் நன்மை.

இதிலிருந்து ஒரு முக்கிய உண்மை கிடைக்கிறது. டெம்பர்டு கண்ணாடியில் பிசின் ஊற்றி ஒட்டுப்போடுவது என்பதே கிடையாது. ஒன்று, அப்படியே விடலாம். அல்லது முழுதாக மாற்றலாம். "இதையும் ஒட்டித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள்.

விலை உயர்ந்த சில கார்களில் சத்தம் கேட்காமல் இருப்பதற்காகப் பின்கண்ணாடியும் லாமினேட்டட் வகையில் வருகிறது. உங்கள் கார் எந்த வகை என்று அறிவது எளிது. கண்ணாடியின் கீழ் மூலையில் சிறு எழுத்தில் டெம்பர்டு என்றோ லாமினேட்டட் என்றோ பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். இன்றே போய்ப் பார்த்து ஒரு சிட்டையில் குறித்து வையுங்கள். கண்ணாடி உதிர்ந்த பிறகு அந்த மூலையைத் தேடிப் பயனில்லை.

உடனே மாற்ற வேண்டிய நிலைகள்

1. கண்ணாடி உதிர்ந்துவிட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. மழை, திருட்டு ஆகியவற்றை நாம் அறிவோம். அறியாத ஆபத்து ஒன்று உண்டு. கார் ஓடும்போது அதன் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது. அப்போது புகைக்குழாயிலிருந்து வரும் புகை திறந்த பின்பக்கம் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. முதலில் தலைவலி, பிறகு மயக்கம். பின்சீட்டில் இருக்கும் குழந்தைகளும் வயதானவர்களுமே முதலில் பாதிக்கப்படுவர்.

2. ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடைக்குள் துணுக்குப் பெயர்ந்திருந்தாலும், நகத்தால் தடவினால் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது. கண்ணாடியின் பலவீனமான இடம் ஓரம்தான். குண்டும் குழியுமான சாலை, ஓங்கிச் சாத்தும் கதவு, ஏதாவது ஒன்று அதை முடித்துவிடும்.

3. லாமினேட்டட் வகையில் கீறல் ஓரம் வரை ஓடியிருந்தாலும், நடுத்தாள் வெளுத்து நுரை போல் தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

4. பின்னால் வரும் வண்டி உள்கண்ணாடி வழியாகத் தெளிவாகத் தெரியவில்லை என்றால் மாற்ற வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 100-ஆவது விதிப்படி, முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் பாதுகாப்புக் கண்ணாடியாக இருத்தல் வேண்டும். அவற்றின் வழியே குறைந்தது 70 சதவீத வெளிச்சம் ஊடுருவ வேண்டும். பக்கக் கண்ணாடிகளுக்கு இது 50 சதவீதம். ஆகவே உடைந்த இடத்தில் அட்டையையோ தகரத்தையோ அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவது சட்டப்படியும் தவறு.

பொறுக்கக்கூடிய நிலைகள்

1. நகம் மாட்டாத மேலோட்டமான கோடுகள். துடைப்பானில் மணல் சிக்கினாலும் இது வரும். பார்வைக்கு இடைஞ்சல் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

2. பின்கண்ணாடியில் ஓடும் மெல்லிய பழுப்புக் கோடுகள் பனி, ஈரம் போக்கும் சூட்டுக்கம்பிகள். சில கார்களில் ரேடியோ ஏரியலும் இவற்றோடு சேர்ந்தே இருக்கும். கண்ணாடியின் உட்புறம் மூட்டையோ அட்டைப்பெட்டியோ உரசினால் ஒரு கோடு அறுந்துபோகும். இதற்காக முழுக் கண்ணாடியையும் மாற்றச் சொல்வார்கள். தேவையில்லை. மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பூச்சு ஒன்று உண்டு. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்து, அறுந்த இடத்தில் அதைத் தடவிச் சரிசெய்துவிடுவார்.

3. டிக்கிக்குள் தண்ணீர் கசிகிறது என்றால் பெரும்பாலும் கண்ணாடியில் குறை இராது. சுற்றியுள்ள பசையோ ரப்பர் பீடிங்கோ விட்டிருக்கும். அதே கண்ணாடியைப் பக்குவமாகக் கழற்றி மறுபடி பதிக்க முடியும்.

வெயிலில் நின்ற காரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. பழுதில்லாத டெம்பர்டு கண்ணாடி அதையெல்லாம் தாங்கும். அப்படி வெடித்தால், ஏற்கெனவே எங்கோ அடிபட்டிருக்கிறது என்றே பொருள்.

இன்சூரன்ஸ்: பேனா எடுத்துக் கணக்குப் போடுங்கள்

மாற்றுவது என்று முடிவானபின் அடுத்த கேள்வி, யார் பணத்தில் என்பது. நம்மில் பலர் இந்தக் கேள்வியை முதலில் கேட்பதால்தான் குழப்பம் வருகிறது.

முழு இன்சூரன்ஸ் இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. ரப்பர், பிளாஸ்டிக் பொருள்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். இதுபோக, கட்டாயப் பங்காக 1500 சி.சி. வரை உள்ள காருக்கு ரூ.1,000-மும் அதற்கு மேற்பட்ட காருக்கு ரூ.2,000-மும் நாம் ஏற்க வேண்டும். இது வரை எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்காதது நோ கிளைம் போனஸ். ஒரு முறையும் பணம் கேட்காமல் இருந்தால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஆண்டுதோறும் தள்ளுபடி ஏறுகிறது. ஒரு முறை கேட்டால் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

என் அத்தான் கணக்கையே பார்ப்போம். கண்ணாடி ரூ.30,000, பீடிங் ரூ.4,000, கூலி ரூ.4,000; ஆக ரூ.38,000. பீடிங்கில் பாதியும், கட்டாயப் பங்கு ரூ.2,000-மும் போக, இன்சூரன்ஸில் வந்தது ரூ.34,000. லாபம் என்று மகிழ்ந்தார். அவருக்கு 50 சதவீத போனஸ் இருந்தது. தள்ளுபடி இல்லாத பிரீமியம் ரூ.40,000. இனி அவர் கூடுதலாகக் கட்ட வேண்டியது முதல் ஆண்டு ரூ.20,000, இரண்டாம் ஆண்டு ரூ.12,000, மூன்றாம் ஆண்டு ரூ.10,000, நான்காம் ஆண்டு ரூ.6,000, ஐந்தாம் ஆண்டு ரூ.2,000. மொத்தம் ரூ.50,000. கார் பழசாகப் பழசாகப் பிரீமியம் ஆண்டுக்குப் பத்து சதவீதம் குறையும் என்று வைத்தாலும் ரூ.44,500-க்குக் குறையாது. முப்பத்துநாலை வாங்கி நாற்பத்துநாலரையைக் கொடுப்பது எந்தக் கடையில் வியாபாரம்?

இதே கண்ணாடி ரூ.90,000 என்றால் கணக்குத் தலைகீழ். தயங்காமல் கேட்க வேண்டும். போனஸ் ஏறாத புது பாலிசியாக இருந்தாலும், அந்த ஆண்டில் ஏற்கெனவே ஒரு முறை பணம் கேட்டிருந்தாலும், காரை விரைவில் விற்கப்போவதாக இருந்தாலும் கேட்பதே சரி. போனஸைக் காக்கும் தனிச் சேர்க்கை உங்கள் பாலிசியில் உண்டா என்றும் பாருங்கள்.

கேட்பது என்று முடிவு செய்தால், கண்ணாடியைக் கழற்றும் முன்பே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிப் புகைப்படம் எடுத்துவிட வேண்டும். கல்லெறியாலோ திருட்டாலோ உடைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

ஜி.எஸ்.டி. பற்றியும் ஒரு வார்த்தை. ஓட்டுநர் உட்பட 13 பேர் வரை அமரும் கார் என்றால், அதன் பழுதுச் செலவில் கட்டிய வரியை நம்மைப் போன்ற பலசரக்கு வணிகர் உள்ளீட்டு வரவாக எடுக்க முடியாது. சரக்கு ஏற்றும் வண்டிக்கு எடுக்கலாம். இணக்க வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. ஆனால் எப்படி இருந்தாலும் பில் வாங்குங்கள். காரைத் தொழிலுக்குப் பயன்படுத்தும் அளவுக்கு வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட அது வேண்டும்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

ஒரே மாடலிலேயே சூட்டுக்கம்பி, ஏரியல் எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எனவே மாடல் பெயரைச் சொல்லாமல் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தே கண்ணாடி கேட்க வேண்டும். கார் கம்பெனி முத்திரை உள்ளதற்கு ஒரு விலை, முத்திரை இல்லாமல் வெளிச்சந்தையில் வரும் தரமான கண்ணாடிக்கு வேறு விலை. இரண்டையும் கேட்டுப் பாருங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரை போன்ற தரக்குறி உள்ளதா என்றும் கவனியுங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய கண்ணாடியும் கிடைக்கும். ஓரம் முழுவதையும் விரலால் தடவிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கண்ணாடி வெளியூரிலிருந்து வரப் பல நாள் ஆகலாம். அத்தானுக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு தினமும் சங்கரன்கோவில் போய் வந்தார்; தினமும் தலைவலி என்றார். புகைதான் காரணமாக இருக்கும் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. அந்த நாள்களில் காரை நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போவதே புத்திசாலித்தனம்.

புதுக்கண்ணாடி பதித்ததும் பசை காய, பதித்தவர் சொல்லும் நேரம் வரை காரை எடுக்கக் கூடாது. ஒரு நாளைக்குப் பக்கக் கண்ணாடியைச் சற்று இறக்கி வையுங்கள்; கதவை மெல்லச் சாத்துங்கள்; இரண்டு நாளைக்குப் பம்பு வைத்துக் கழுவ வேண்டாம்.

வணிகர்களே! மாற்ற வேண்டுமா என்பதைக் கண்ணாடியின் நிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். யார் பணத்தில் என்பதைப் பேரேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முதல் கேள்வியில் சிக்கனம் பார்த்தால் குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து. இரண்டாவது கேள்வியில் அவசரப்பட்டால் கல்லாவுக்கு நட்டம். அரிசி அளவு துணுக்குத்தானே என்று எண்ணாமல், நாளை காலை கடை திறக்குமுன் உங்கள் வண்டியின் பின்புறம் ஒரு முறை போய் நின்று, கண்ணாடியின் ஓரத்தைப் பாருங்கள்.