பாறையில் குடியிருக்கும் பாறு

வானத்தில் வட்டமிடும் எல்லாப் பறவையையும் நாம் 'கழுகு' என்றே சொல்லிவிடுகிறோம். நம்ம எடப்புளி நாட்டில் கோழிக்குஞ்சைத் தூக்கிப் போவது வேறு, செத்த மாட்டைத் தின்பது வேறு. இரண்டாவதற்கு நல்ல தமிழ்ப் பெயர் பாறு. பிணந்தின்னிக் கழுகு என்று நாம்தான் கேவலமாகப் பேர் வைத்துவிட்டோம்.

பாறுகளில் கருங்கழுத்துப் பாறு என்று ஒன்று உண்டு. மலையில் செங்குத்தான பாறை இடுக்கில் கூடு கட்டும். வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான்! இறக்கையை விரித்தால் நம் வகுப்புக் கதவைப் படுக்க வைத்த நீளம், இரண்டு மீட்டருக்கு மேல். (கீழே உள்ள படம் நான் வரைந்தது. கழுத்து சரியாக வரலை.) இன்று தமிழ்நாட்டில் பாறுகள் இருக்கும் முக்கியமான இடம் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கு.

"அந்தக் காலத்துல மாடு செத்தா ஒதுக்குப்புறமா போட்டுட்டு வருவோம். மறுநாள் போனா எலும்புதான்டா கிடக்கும்" என்பார் எங்க தாத்தா. நான் நம்பவில்லை. படித்த பிறகுதான் நம்பினேன். கூட்டமாக இறங்கினால் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுமாம். அழுகிய கறியில் உள்ள பெரும்பாலான கிருமிகளை அதன் வயிற்று அமிலம் கொன்றுவிடும்.

அப்படிப்பட்ட பறவை எப்படி அழிந்தது? 1990களில் இந்தியா முழுவதும் கொத்துக் கொத்தாகச் செத்தன. காரணம் 2004இல்தான் தெரிந்தது: மாட்டுக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் போடும் டைக்ளோஃபினாக் ஊசி. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் கெட்டுவிடும். நூறு சவத்தில் ஒன்றில் இந்த மருந்து இருந்தாலே போதும், கூட்டமே குறைந்துவிடும். வருஷத்துக்கு ஒரு முட்டை இடும் பறவை எப்படி ஈடுகட்டும்?

2006இல் மாட்டுக்கு இதைத் தடை செய்தார்கள். நம்ம ஆட்கள் விடுவார்களா? மனிதருக்கு வரும் பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015இல் 3 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலையும் நிறுத்தினார்கள். 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் மாட்டுக்குத் தடையாயின. பாறுக்குக் கெடுதல் செய்யாத மருந்து மெலாக்சிகாம்.

போன மாதம் எங்கள் மாட்டுக்குக் காய்ச்சல். ஊசி போட வந்தவரிடம், "அண்ணா, மருந்துப் பேரைக் காட்டுங்க" என்றேன். "என்னடா, நீயும் டாக்டராயிட்டியா?" என்று சிரித்துக்கொண்டே காட்டினார். மெலாக்சிகாம்தான். மாடு மூன்றாம் நாள் மேயப் போய்விட்டது. அந்த மருந்தின் அட்டையைப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பெயரைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், கிழிக்காதீர்கள்.