சர்வர் தட்டும் வீட்டுக் கணினியும்

2019-இல் தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியில் திருமணங்களைப் படமெடுக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முகூர்த்த மாதங்கள் கழிந்ததும் அவர் கணினியில் இடமிராது. அழிக்கவும் மனம் வராது. ஓராண்டு சென்ற பின்னரும் ஆல்பத்துக்குப் படம் கேட்டு வருவோர் உண்டு. கல்வராயன் மலையேறி, வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் அருவிகளையும் விழாக்களையும் பதிவு செய்வோருக்கும் இதே இடர்தான். இத்தகையோர், பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட சர்வர் ஹார்ட் டிஸ்க்குகளைச் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் மலிவாக வாங்குவதுண்டு. வீட்டில் மாட்ட முனையும்போதுதான் கேபிள் பொருந்தவில்லை என்பது தெரியவரும்.

காரணம் எளிது. வீட்டுக் கணினியின் தட்டு 'சாட்டா' முறையைச் சேர்ந்தது. சர்வர் தட்டுகளில் பல 'சாஸ்' முறையைச் சேர்ந்தவை. சாட்டாவில் தகவல் முனைக்கும் மின்சார முனைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். சாஸில் அவ்விடைவெளி அடைபட்டிருக்கும். அதை இணைக்கவென்று சிறு மாற்றுமுனைகள் விற்கப்படுகின்றன. முனை பொருந்தும், தட்டோ கணினியின் கண்ணுக்குத் தெரியாது. ஏனெனில் வீட்டுக் கணினியின் மதர்போர்டுக்குச் சாஸ் மொழி தெரியாது. சாட்டா தட்டைச் சாஸ் இணைப்பில் பொருத்தலாம், மறுதலையாக இயலாது.

அந்த மொழியறிந்த துபாஷியே எச்.பி.ஏ. கார்டு. கிராபிக்ஸ் கார்டுக்குரிய நீண்ட துளையில் அதனைச் செருகலாம். அதன் ஒரு முனையிலிருந்து கேபிள் நான்காகப் பிரியும்; இரு முனையுள்ள கார்டில் எட்டுத் தட்டுகளை மாட்டலாம். வாங்கும்போது 'ஐ.டி. மோட்' உள்ளதா எனக் கேட்க வேண்டும். ரெய்டு முறையில் மட்டும் இயங்கும் கார்டு, தட்டுகளைத் தனித்தனியே காட்டாது மறைத்துவிடக்கூடும். சர்வரின் பெருங்காற்றை நம்பிச் செய்யப்பட்ட கார்டு அது. நம் சித்திரை வெயிலில் சிறு மின்விசிறியொன்று அதன்மேல் வீசவேண்டும்.

இனி ஒரு விசித்திரம். தட்டு தெரிகிறது, பயன்படுத்த முடியவில்லை. சில சேமிப்புப் பெட்டிகளிலிருந்து கழற்றிய தட்டுகள், 512 பைட்டுக்குப் பதிலாக 520 பைட் கட்டங்களாக வகுக்கப்பட்டிருக்கும். மிகுதி எட்டும் பிழை சரிபார்ப்புக்கு. லினக்ஸில் 'எஸ்.ஜி. ஃபார்மட்' என்னும் கட்டளையால் 512-க்கு மாற்றலாம். உள்ளிருப்பது முழுதும் அழியும். பெருந்தட்டாயின் பல மணி நேரமாகும். ஐப்பசி மழையில் நடுவே மின்சாரம் நின்றால், மறுபடி முதலிலிருந்தே தொடங்கவேண்டும். யு.பி.எஸ். இன்றி இதில் இறங்குவது வீண்வேலை.

புதிய தட்டுகள் சில சுழலவே மறுக்கும். மூன்றாம் மின்முனையில் 3.3 வோல்ட் வந்தால் நின்றுவிடுமாறு அவை அமைக்கப்பட்டுள்ளன. அம்மின்னழுத்தம் இல்லாத மோலெக்ஸ் இணைப்பு கொடுத்தால் சுழலும்.

ஒரே ஒரு தட்டுக்காக இத்தனையும் செய்வது, என் கருத்தில், தகாது. நான்கைந்து தட்டுகள் எனில் கார்டின் செலவு ஈடாகும். சர்வர் தட்டிலேயே சாட்டா வகையும் உண்டு. லேபிளில் அப்படி இருந்தால் கார்டே வேண்டாம்.

எவ்வகையாயினும் அது பல்லாண்டு உழைத்த தட்டு. படங்களின் ஒரே பிரதியை அதில் வைத்தலாகாது. 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வாங்குவோர், ஓடிய மணிக்கணக்கையும் பழுதடைந்த கட்டங்களின் எண்ணிக்கையையும் கடையிலேயே காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.