டாண்டலஸின் தாகம்

உங்க கைப்பேசிக்குள்ளே ஒரு கிரேக்கப் புராணம் ஒளிஞ்சிருக்குன்னா நம்புவீங்களா? மின்தேக்கிகளில் பயன்படும் 'டாண்டலம்' என்ற உலோகத்தின் பெயரைத்தான் சொல்றேன்.

டாண்டலஸ் ஓர் அரசன். தேவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிடும் அளவுக்குச் செல்வாக்கு. அவர்களுக்கு எல்லாம் தெரியுமா என்று சோதிக்க, பெற்ற மகன் பெலோப்ஸையே வெட்டிச் சமைத்துப் பரிமாறினானாம். தண்டனை பாதாளத்தில். கழுத்தளவு தண்ணீரில் நிற்கணும். குடிக்கக் குனிந்தால் தண்ணீர் வற்றிடும். தலைக்கு மேல் பழங்கள். கை நீட்டினால் காற்று கிளையைத் தள்ளிட்டுப் போயிடும். ஆசை காட்டி ஏங்க வைப்பதைச் சொல்லும் 'டாண்டலைஸ்' என்ற ஆங்கில வினைச்சொல் இவன் பெயரிலிருந்து வந்ததுதான்.

சரி, உலோகத்துக்கு ஏன் இந்தப் பெயர்? 1802இல் இதைக் கண்டறிந்தவர் ஸ்வீடன் வேதியியலாளர் ஆண்டர்ஸ் எக்கபெர்க். இதன் ஆக்சைடு அமிலத்தில் மூழ்கிக் கிடந்தும் அமிலத்தை ஏற்கவில்லை. தண்ணீரில் நின்றும் குடிக்க முடியாதவன் அவர் நினைவுக்கு வந்தான்!

இதோடு கலந்தே கிடைக்கும் இன்னொரு தனிமத்துக்கு 1844இல் ஹைன்ரிச் ரோசே வைத்த பெயர் நியோபியம். நியோபி, டாண்டலஸின் மகள். தனிம அட்டவணையில் மகள் 41ஆம் எண். நேர் கீழே அப்பா, 73.

இன்று டாண்டலத்தின் தாதுவான கோல்டானைக் கிழக்குக் காங்கோவில் ஏழைத் தொழிலாளர்கள் கையாலேயே தோண்டி எடுக்கிறார்கள். அந்தச் சுரங்கங்களுக்காக ஆயுதக் குழுக்கள் சண்டை போடுகின்றன. செல்வம் காலடியில்தான் இருக்கு. தோண்டுகிறவர் கைக்கு மட்டும் எட்டுவதில்லை. டாண்டலஸாவது தப்பு செய்து தண்டனை வாங்கினான். இவர்கள் என்ன செய்தார்கள்?