நாற்றுமேடை மண்ணும் மெதயில் புரோமைட்டும்

மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுகள் முளைத்த சில நாட்களில் அடித்தண்டு அழுகிச் சாய்வதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். மண்ணிலுள்ள பூசணங்களே இதற்குக் காரணம். முற்காலத்தில் மண்ணுக்கு ஊட்டப்பட்ட நச்சு வாயு இப்போது கிடைக்காதா எனச் சிலர் வினவுவதுண்டு. அவ்வாயுவே மெதயில் புரோமைட்டு. அது யாது, ஏன் நிறுத்தப்பட்டது, அதற்கு ஈடாக யாது செய்யலாம் என்பன இங்கு கூறப்படுகின்றன.

புரோமைட்டுகள்

புரோமீன் என்னும் மூலகம் பிறிதொன்றுடன் கூடி உண்டாகும் சேர்வை புரோமைட்டு ஆகும். ஓர் இலீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 65 மில்லிகிராம் புரோமீன் இவ்வடிவில் உண்டு. உப்பளத்தில் உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் அது செறிந்திருக்கும். பிரான்சு தேசத்து அறிஞர் பலார் 1826ஆம் ஆண்டில் அத்தகைய நீரிலிருந்தே புரோமீனைப் பிரித்தெடுத்தார். வெள்ளிப் புரோமைட்டு ஒளிபட்டால் மாற்றமடையும்; ஆதலால் அது புகைப்படச் சுருள்களிற் பயன்பட்டது. பொற்றாசியம் புரோமைட்டு வலிப்பு நோய்க்கு மருந்தாயிற்று.

நச்சு வாயு

மெதயில் புரோமைட்டு இவ்வுப்புகளைப் போன்றதன்று. ஏறக்குறைய 4 பாகை செல்சியசிலேயே அது கொதித்து வாயுவாகும். மண்ணின் நுண்ணிய இடைவெளிகளிற் புகுந்து பூசணம், வட்டப்புழு, பூச்சி, களைவிதை ஆகியவற்றை அழிக்கும். அங்ஙனமே மனிதரின் நுரையீரலையும் நரம்புகளையும் தாக்கும். அதற்கு நிறமில்லை, மணமும் பெரும்பாலும் புலப்படாது. காற்றிலும் மூன்று மடங்குக்கு மேற் பாரமானதாகையால் தாழ்ந்த இடங்களில் தங்கும். நஞ்சேறிய குறிகள் சில மணிநேரம் கழித்தே தோன்றக்கூடும். பழைய கொள்கலன் எதையேனும் கண்டால் அதனைத் திறவாது, விவசாயப் போதனாசிரியருக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

மேலும், வானிலேறும் இவ்வாயுவின் புரோமீன், ஞாயிற்றின் தீய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படையைச் சிதைக்கின்றது. எனவே 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையில் 1992இல் இதுவும் சேர்க்கப்பட்டது. வளர்ந்த நாடுகள் 2005ஆம் ஆண்டிலும் ஏனைய நாடுகள் 2015ஆம் ஆண்டிலும் இதன் பொதுப் பாவனையை நிறுத்தவேண்டுமென விதிக்கப்பட்டது. தொற்றுத்தடைக்காப்பு, ஏற்றுமதிக்கு முன்னரான புகையூட்டல் போன்ற சில தேவைகளுக்கே விலக்கு உண்டு.

செய்யவேண்டியது

வெயிலே சிறந்த மருந்து. பெரும்போகத்துக்கு முன்னர் வரும் கடும் வெயிற் காலத்தில் மேடையைக் கொத்திக் கட்டியுடைத்து மட்டமாக்குக. நன்றாக நீர் ஊற்றுக. ஈரமண்ணிலேயே வெப்பம் ஆழமாகப் பரவும். ஒளி ஊடுருவும் பொலித்தீனை மண்ணோடு ஒட்ட விரித்து, ஓரங்களை மண்ணால் மூடுக. கறுப்புப் பொலித்தீன் இதற்கு ஏற்றதன்று. நான்கு வாரங்களுக்குக் குறையாமல் விட்டு, அகற்றியபின் ஆழக் கொத்தாது விதையிடுக. ஆழக் கொத்தினால் கீழ்மண்ணிலுள்ள நோய்க்கிருமிகள் மேலே வந்துவிடும்.

வெயில் போதாவிடின், சிறுபோக வைக்கோலையும் உமியையும் மேடைமேல் மாறிமாறிப் பரப்பி, காற்றுக்கு எதிர்முகமாகத் தீயிடுக. தீ மெதுவாக நகர்ந்தாற்றான் சூடு மண்ணிலிறங்கும்.

விலைகொடுத்து வாங்கும் நஞ்சு எதுவுமின்றியே நல்ல நாற்றைப் பெறலாம் என்பதைக் கமக்காரர் நினைவிற் கொள்வாராக.